சைக்காலஜி படிக்க ஆசைப்படும் பெண்ணும், கதவடைக்கப்பட்ட அம்மாவும்

பெண் பிளஸ் டூ முடித்த வீடுகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. "நான் சைக்காலஜி படிக்கிறேம்மா" என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கிளம்பியது. உடனே என் மாமியார், "கீழ்ப்பாக்கத்துக்குப் போற வேலையா?" என்று கேட்டு விட்டார்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றாலே கேலிதான். ஆனால், அந்த அரசு மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக நடத்தியவர் ஒரு பெண், டாக்டர் சாரதா மேனன். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-ல் 'ஸ்கார்ப்' அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் பெற்றார். 2021-ல் மறையும்போது அவருக்கு 98 வயது. இதைச் சொன்னதும் மாமியார், "அப்படியா, பொம்பளையா!" என்று வாயடைத்துப் போனார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாரதா மேனன் எம்.பி.பி.எஸ். படித்த மனநல மருத்துவர். மருந்து எழுதிக் கொடுப்பவர். உளவியலாளர் அப்படியல்ல. சோதனைகள் வைத்து, பேசி, பயிற்சி கொடுத்துக் குணப்படுத்துவது அவர் வேலை. மாத்திரை எழுத மாட்டார். பாதிப் பெற்றோருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. "டாக்டருக்குப் படிக்கிறா" என்று கல்யாண வீட்டில் சொல்லி வைத்து, பிறகு விழிக்கிறார்கள்.

பாதை நீளம்தான், மறைக்க வேண்டாம். மூன்று வருடம் பட்டப்படிப்பு. இரண்டு வருடம் எம்.எஸ்ஸி. அதன் மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு வருட எம்.பில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தால்தான் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ளலாம் என்பதே இதுவரை இருந்த வழி. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதே தகுதிகளைத்தான் கேட்கிறது. நடுவில் யு.ஜி.சி., 2022 விதிமுறைகளில் எம்.பில். பட்டத்தையே எடுத்து விட்டது. இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 வரை விலக்கு கொடுத்தது. ஆகவே, கல்லூரி விளம்பரத்தைப் பார்த்ததும் பணம் கட்டி விடாதீர்கள் தோழியரே. "இந்தப் படிப்புக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா? பெண்ணை எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புவீங்க?" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்து விடலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு. தெரிந்த குடும்பத்துப் பெண் பரீட்சை பயத்தில் சாப்பாடே இறங்காமல் கிடந்தாள். 'கவுன்சலிங்' என்று போர்டு மாட்டிய ஓர் அம்மாளிடம் கூட்டிப் போனார்கள். ஆறு வாரம் பணம் வாங்கிக்கொண்டு, "சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்றாராம்! இரண்டு வார சர்டிபிகேட் கோர்ஸ்தான் அவர் படிப்பு என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது பதினேழு.

அதனால் கட்டுப்பாட்டை நான் எதிர்க்கவில்லை. என் ஆதங்கம் வேறு.

2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து, உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் புதிதாகச் சேர்த்து நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்து விட்டது. சுகாதாரத் துறைப் படிப்புகளுக்கான 2021 சட்டத்தில் உளவியலும் வருகிறதாம், அதுதான் காரணம். அதுவரை இக்னோவில் வீட்டிலிருந்தே எம்.ஏ. சைக்காலஜி படித்த குடும்பப் பெண்கள் எத்தனையோ பேர். எங்கள் மாடி வீட்டு அம்மாளுக்கு 49 வயது. மகனும் மகளும் வேலைக்குப் போன பிறகு சேர வேண்டும் என்று சிறுவாட்டில் பணம் சேர்த்து வைத்திருந்தார். அறிவிப்பைப் படித்து விட்டு, "எனக்குன்னு ஒண்ணு ஆரம்பிக்கும்போதுதான் இவங்களுக்கு ஞாபகம் வரும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தபாலில் படித்தவர் நோயாளியைத் தொடக் கூடாது, சரி. ஆனால், படிக்கிற எல்லாருமா போர்டு மாட்டப் போகிறார்கள்? மாமனாரின் மறதி நோயையும், பேச்சு வராத பேரனையும் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அந்தப் படிப்பு வீட்டிலேயே உதவும். 'இது அறிவுக்கான பட்டம், சிகிச்சைக்கான உரிமம் அல்ல' என்று சான்றிதழிலேயே அச்சடித்துக் கொடுத்தால் போயிற்று. உரிமமும் வேண்டும் என்பவளுக்கு, வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனைப் பயிற்சியோடு பகுதி நேர வகுப்பு வைக்கட்டும். இரண்டு வருடம் நான்கு வருடமானால் ஆகட்டுமே. இருபது வருடம் பொறுத்தவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா?

பட்டமே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நம் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான 'ஸ்நேகா'வில், சாதாரண ஜனங்கள்தான் பயிற்சி பெற்றுத் தொண்டர்களாக உட்கார்ந்து, நொந்து வருகிறவர்களின் பேச்சைக் கேட்கிறார்கள். புத்திமதி சொல்வதில்லை, கேட்பதுதான் வேலை. நம்மில் பலருக்கு அதுதான் கஷ்டம், என்னையும் சேர்த்து!

என் பெண் பி.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போட்டாயிற்று. மாடி வீட்டு அம்மாள் விஷயத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான் மனசு வைக்க வேண்டும். 1943-லேயே உளவியல் துறை கண்ட பல்கலைக்கழகம் அது. மாலை நேரத்தில் ஒரு வகுப்பு தொடங்கினால், கோபாலபுரத்திலிருந்து சேப்பாக்கம் ஒன்றும் தூரமில்லை. சாயங்கால டிபனை முடித்து வைத்து விட்டே போய் வரலாம்.

- ஒரு வாசகி, கோபாலபுரம், சென்னை-86.