கணினிக் கையேடுகள் யாருக்காக?

கணினிக் கையேடு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர், வாசகர் முதற்பக்கந்தொட்டுச் சாவகாசமாகப் படித்து முடித்த பின்னரே யந்திரத்தைத் தொடுவார் என்று அனுமானித்துக்கொண்டு, மெனுக்களையும் பொத்தான்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வர்ணித்துச் செல்கிறார்கள். வாஸ்தவத்தில் கையேட்டைப் பிரிக்கிறவரோ, அவசர வேலை பாதியில் நின்றுபோய், திரையில் தோன்றிய செய்திக்கு அர்த்தம் விளங்காமல் தவிக்கிறவர்.

அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்த உளவியல் அறிஞர் ஜான் கேரலும் அவர் குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில், வேர்ட் பிராசசர் பழகவந்த அலுவலக ஊழியர்களை அருகிலிருந்து கவனித்தபோது, அவர்கள் பீடிகையையெல்லாம் தாண்டிச் சென்று உடனே எதையாவது தட்டச்சு செய்ய முனைவதையும், ஒரு விசை தவறிய மாத்திரத்தில் கையேட்டின் படிகளுக்கும் தங்கள் திரைக்கும் சம்பந்தமற்றுப்போய்த் திகைத்து நிற்பதையும் கண்டார்கள். பீடிகையைக் களைந்து, செய்யவேண்டிய வேலையையே தலைப்பாக்கி, தவறினால் மீளும் உபாயத்தை அந்தந்த இடத்திலேயே சொல்லி அவர்கள் தயாரித்த சிறு கையேட்டைக்கொண்டு பழகியவர்கள், பழைய பெருங்கையேட்டைப் படித்தவர்களைவிட விரைவில் தேறினார்கள்.

பென்டிரைவை ஃபார்மட் செய்யும் முறையை விளக்கும் ஒரு பக்கத்தை எண்ணிப் பாருங்கள். ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தி, வருகிற கேள்விக்கு ‘ஓகே’ கொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில், பொடி எழுத்தில், உள்ளிருக்கும் கோப்புகள் யாவும் அழிந்துவிடும் என்று குறிப்பு வரைந்திருந்தால், சொன்னபடியே வரிவரியாகச் செய்துவந்த பெரியவர் அக்குறிப்பை எட்டுமுன் அவருடைய பேரக்குழந்தையின் புகைப்படங்கள் போயிருக்கும். சொற்கள் எளியவை, இலக்கணப் பிழையும் இல்லை, வாக்கியங்களின் வரிசை ஒன்றே அவரைக் கெடுத்தது. ஆகையால், எளிய சொற்களை இட்டுவிட்டால் கையேடு தெளிவாகிவிடும் என்ற அபிப்பிராயம் எனக்குச் சம்மதமில்லை.

வரிசையோடு நேர்மையும் வேண்டும். 1971-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளக் கையேடு, நிபுணர்களுக்கென்று மிக இறுக்கமாக எழுதப்பட்டதேயாயினும், கட்டளைகளின் விளக்கத்தோடு ‘பிழைகள்’ என்றொரு தலைப்பையும் சேர்த்து, அவர்களுடைய சிருஷ்டியின் குறைகளைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. சாதாரண ஜனங்களுக்கு விற்கப்படும் சாதனங்களின் கையேடுகளில் அந்த நேர்மையைக் காண்பது அபூர்வம்.

நிறுவனங்கள் செய்யவேண்டிய காரியம் பெரிய செலவு பிடிப்பதும் அன்று. கையேட்டை அச்சுக்கு அனுப்புமுன், சாதனத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, எழுதியவரே பக்கத்தில் வாய்திறவாமல் அமர்ந்து, அவர் எந்த வரியில் தயங்குகிறார், எங்கே தவறுகிறார் என்று குறித்துக்கொண்டு, அவ்விடங்களைத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும்.