உறுமுவதும் நிற்பதும் ஒரே வண்டியில்

அனந்தபுரத்திலிருந்து வந்த கேள்வி இது. வாசகர் வீட்டில் 2010-இல் வாங்கிய மாருதி ஆம்னி இருக்கிறது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மல்லாட்டை மூட்டை போவதும் அதில்தான், பிள்ளைகள் போவதும் அதில்தான். சில வாரங்களாக ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே இன்ஜின் உறுமுகிறது. அதே வண்டி, வேகத்தடைக்கு முன் மெதுவாக்கினால் சில சமயம் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. பட்டறையில் சொன்னபடி பெட்ரோல் பம்பை மாற்றியும் குறை தீரவில்லை. அடுத்து கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும் என்கிறார்களாம். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். பம்பு பழுதானால் வண்டி மேட்டில் திணறும், பாரத்தில் இழுக்காது; சும்மா நிற்கும்போது சுற்று ஏறாது. உறுமுவதும் நிற்பதும் எதிரெதிராகத் தெரிந்தாலும், இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கணக்கில் வராத காற்றை.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவருக்கு இது புதிதல்ல. டெலிவரி குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீய்ச்சியடித்துக் காட்டிக்கொடுக்கும். சக்‌ஷன் குழாயில் விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும், மோட்டார் தண்ணீர் எடுக்காது. பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள காற்றுப் பாதை முழுவதும் சக்‌ஷன் குழாய் மாதிரிதான்.

காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். இன்ஜின் அணையாமலிருக்க, ஐடில் வால்வு என்ற சிறு பக்கவழி கொஞ்சம் காற்று விடும். எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். ரப்பர் குழாய் ஒன்றில் வெடிப்பு வந்தால் கூடுதல் காற்று புகுந்து சுற்று ஏறும். கம்ப்யூட்டர் பக்கவழியை மூடி அடக்கப் பார்க்கும். அந்த நேரம் வண்டி குலுங்கி வெடிப்பு ஒட்டிக்கொண்டால் இரண்டு வழியும் அடைபட்டு இன்ஜின் நின்றுபோகும். வால்வில் கரி படிந்து நகரச் சிரமப்பட்டாலும் இதே கதைதான். நிற்காமலிருக்க த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருகிச் சுற்றை ஏற்றுவது, கோரையின் கிழங்கை விட்டுவிட்டு நுனியைக் கிள்ளுகிற வேலை.

காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது சுற்று அதிகமாக இருப்பது இயல்பு. சூடேறியபின், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் நிமிடத்துக்கு 700 முதல் 950-க்குள் இறங்கிவிடும். ஆம்னியில் சுற்று காட்டும் முள் இல்லை, காதுதான் அளவு. இறங்கவே இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியே, இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குறைந்தால், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக வெப்ப சென்சார் தவறாகச் சொல்லக்கூடும்.

பிறகு குழாய்கள். முன்சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். மூட்டை அடுக்கிய கொட்டகையோரம் நிறுத்தும் வண்டியில் எலி கடித்திருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பது நல்லது. குழாயோடு ஒயரையும் விட்டுவைக்காது. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, வெட்டவெளியில் ஓடவிட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமலே ஆளைச் சாய்த்துவிடும். மூன்றடி ஓஸ் துண்டின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் குழாய் இணைப்புகளின் பக்கத்திலும் வைத்தால், கசியும் இடத்தில் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கும். பெல்ட், ஃபேன் பக்கம் ஓஸோ கையோ துணியோ போகக்கூடாது. சந்தேகப்பட்ட இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்ததும் சுற்று மாறினால் இடம் அகப்பட்டது. பட்டறைகளில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பதுண்டு. சூடான இன்ஜினில் அது தீப்பற்றும், வீட்டில் வேண்டாம்.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குப் போகும் தடித்த குழாயைத் தவறவிடக் கூடாது. இன்ஜின் நின்றபின் பூஸ்டர் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். மூட்டைப் பாரத்தோடு இறக்கத்தில் அப்படி ஆனால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. குறை தீரும்வரை பிள்ளைகளை அதில் ஏற்ற வேண்டாம்.

நன்றாகச் சூடானபிறகே நிற்கிறது, பத்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் அது வேறு விஷயம். இக்னிஷன் காயில், சென்சார், பேட்டரி எர்த் பக்கம் தேட வேண்டும்.

எதுவும் அகப்படாவிட்டால் த்ராட்டிலையும் ஐடில் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி, ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். கம்ப்யூட்டர் கடைசி. கழற்றிய பழைய பம்பை மட்டும் பட்டறையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும்; அது நன்றாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.