வால்யூமை ஏத்தாதீங்கண்ணே!

போன மாசம் அப்பாவுக்கு பணி நிறைவு விழா. 34 வருஷமா மைக் இல்லாமலே கடைசி பெஞ்ச் வரைக்கும் கேக்குற மாதிரி கணக்குப் பாடம் எடுத்தவர். அன்னிக்கு மண்டபத்துல மைக் புடிச்சுப் பேசினார், நாலாவது வரிசைக்கு அப்புறம் ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. "நல்லா பேசினான்டா உங்கப்பன்"னார் பெரியப்பா. என்ன பேசினார்னு கேட்டேன். சிரிச்சே சமாளிச்சுட்டார்.

பழி வழக்கம்போல மைக் செட்காரர் தலையில. "சவுண்டு சரியில்ல." இதுக்கு மேல நமக்கு சொல்லத் தெரியறதில்லைங்க, அதுதான் என் கோபம். "சாஃப்ட்வேர் வேலை செய்யல"ன்னு மொட்டையா ஒரு மெயில் வந்தா நமக்கு எப்படி பத்திக்கிட்டு வரும்? அதே கதைதான். (நான் மட்டும் என்ன ஒழுங்கா... "அண்ணே, வால்யூம் ஏத்துங்க"ன்னு ரெண்டு தடவை ஓடினவன் நாந்தான்.)

யாரும் பேசாதப்பவும் "ம்ம்ம்"னு இரையுதா? அது பெரும்பாலும் கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ்; எர்த்தையும் வயரையும் பாக்கச் சொல்லுங்க. "ஊய்ங்"னு கூவுதா? ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள்ளயே போகுது. ஸ்பீக்கருக்கு முன்னாடி நிக்காம, மைக்கை வாய்கிட்ட வெச்சுப் பேசணும்.

சத்தம் பலமா இருக்கு, ஆனா வார்த்தை மட்டும் விளங்கலையா? அப்ப குத்தவாளி மைக் செட் இல்ல, மண்டபமேதான். கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், கான்கிரீட் கூரை. எதுவும் சத்தத்தை உறிஞ்சாது. ஒரு எழுத்து அடங்கறதுக்குள்ள அடுத்தது வந்து அது மேல விழுது. எதிர்முழக்கம்னு பேரு. வால்யூமை ஏத்தினா பேச்சோட சேர்ந்து முழக்கமும் அதே அளவு ஏறும். புரியறது மட்டும் ஏறாது.

1895-ல ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹாலுக்கு இதே வியாதி. சத்தம் அடங்க அஞ்சரை செகண்டு ஆச்சாம். வாலஸ் சபைன்னு ஒரு இளம் பேராசிரியர், பக்கத்து தியேட்டர் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியா தூக்கிட்டு வந்து அடுக்கி, மெத்தை கூடக்கூட முழக்கம் எவ்வளவு குறையுதுன்னு அளந்தார். இந்தத் துறையே அங்கதான் ஆரம்பிச்சுது.

நம்ம மண்டபத்துல சரவிளக்குக்கு காசு இருக்கு, பின்சுவருக்கு ஒரு கனமான திரை போட இல்லையா? மேடையில ரெண்டு ராட்சசப் பெட்டி வெக்கறதுக்குப் பதிலா, நடு ஹால்லயும் சின்ன ஸ்பீக்கர் வெச்சு சத்தத்தைக் குறைச்சாலே பாதி சரியாகும். நாமளும் ஏசி, பார்க்கிங், பந்தி ஹால் எல்லாம் பாத்துதான் அட்வான்ஸ் குடுக்கறோம். நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாக்கறதில்ல. தட்டின சத்தம் வால் மாதிரி இழுத்துக்கிட்டே போச்சுன்னா அங்க பேச்சு எடுபடாது. (காலி ஹால்ல கொஞ்சம் அதிகமாவே இழுக்கும். ஆளுங்க உக்காந்தா குறையும், நாமளும் ஒரு வகையில மெத்தைதான் :-))

வீட்டுக்கு வந்ததும், "அந்த ஸ்பீச்ச இன்னொரு தடவை சொல்லுங்கப்பா"ன்னேன்.

"கிளாஸ்ல கவனிச்சிருக்கணும்"னுட்டு பேப்பரை எடுத்துக்கிட்டார்.

பி.கு: அடுத்து தங்கச்சி கல்யாணம். ஞாயித்துக்கிழமை மண்டபம் பாக்கப் போறோம். நான் கை தட்டினா மானம் போயிடும்னு அம்மா இப்பவே எச்சரிச்சுட்டாங்க.