கர்ப்பிணிக்குக் கொழுப்புச் சோதனை: பயமும் வேண்டாம், பராமுகமும் வேண்டாம்

எட்டாம் மாதத்தில் ஒரு பெண்ணின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். மற்றச் சோதனைகளோடு கொழுப்பின் அளவும் வருகிறது. கொலஸ்ட்ரால் 260, டிரைகிளிஸரைடு 270. இரண்டுக்கும் எதிரே 'அதிகம்' என்ற குறி. அன்றைக்கே வீட்டில் நெய் நிற்கிறது, முட்டை நிற்கிறது. "பாலைக்கூடக் குறைத்துக்கொள்ளம்மா" என்கிறார் மாமியார். நல்ல ஊட்டம் வேண்டிய காலத்தில் அந்தப் பெண் அரை வயிறு உண்கிறாள். இது தேவைதானா?

பெரும்பாலும் தேவையில்லை. கொலஸ்ட்ரால் 200-க்குள், டிரைகிளிஸரைடு 150-க்குள் என்ற அளவுகோல் கர்ப்பிணிகளுக்காக ஏற்பட்டதன்று. கருவுற்ற முதல் சில வாரங்களில் ரத்தக் கொழுப்பு சற்றே குறையும். பிறகு மாதத்துக்கு மாதம் ஏறும். பிரசவம் நெருங்கும்போது கொலஸ்ட்ரால் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடியிருக்கும். டிரைகிளிஸரைடு இரண்டு, மூன்று மடங்கு ஆவதும் உண்டு.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜென் பெருகுவதால் ஈரல் அதிகக் கொழுப்பை ரத்தத்தில் விடுகிறது. கடைசி மாதங்களில் தாயின் உடல் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து வருகிறது. தாய் அதை எரித்துக்கொண்டு, சர்க்கரையைச் சிசுவுக்கு விட்டுக்கொடுக்கிறாள். கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோனை நச்சுக்கொடி தயாரிப்பதும் தாயின் கொலஸ்ட்ராலிலிருந்துதான்.

பிரசவத்துக்குப் பின் டிரைகிளிஸரைடு சில வாரங்களிலேயே இறங்கும். பாலூட்டும் தாய்க்கு இன்னும் சீக்கிரம் இறங்கும். ரத்தத்திலுள்ள கொழுப்பு பாலில் சேர்ந்துவிடுகிறது அல்லவா? கொலஸ்ட்ரால் மட்டும் மெதுவாகவே இறங்கும். சில மாதங்கள் பிடிக்கலாம்.

எல்லா ஏற்றமும் இயல்பானது என்று இருந்துவிடவும் கூடாது. டிரைகிளிஸரைடு 500-ஐத் தாண்டினால் டாக்டரின் கண்காணிப்பு அவசியம். 1000-ஐத் தாண்டினால் கணையம் அழற்சி கண்டு, தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேரலாம். பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்த குடும்பத்துப் பெண்களும், ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் பெரும்பாலோர் அந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டியிருக்கும்.

வீடுகளில் நடப்பதோ தலைகீழ். கர்ப்பத்தில் ஒரு எண்ணைக் கண்டு பதறுகிறார்கள். பிள்ளை பிறந்ததும் தாயை மறந்துவிடுகிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி தேதி தவறுவதில்லை. தாயின் ரத்தத்தை மறுபடி சோதிக்க வேண்டும் என்ற நினைவு எவருக்கும் வருவதில்லை. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்காவது இந்தச் சோதனை தவறக்கூடாது.

ஆகவே எட்டாம் மாதத்துச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் தாயின் உணவில் கை வைக்காதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது தாயையும் ஒருமுறை சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடும்பம் கவலைப்பட வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தச் சீட்டு சொல்லும்.