பெண்டு நிமிர்ந்தது யாருக்கு?

இந்த வார வார்த்தை: பெண்ட்

ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்த நாள் அது. பையைப் போட்டதும் புலம்பினேன். "இன்னிக்கு வேலை பெண்டை நிமித்திருச்சு அப்பத்தா!"

சோழவந்தானிலிருந்து வந்திருந்த அப்பத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெண்டுன்னா பொம்பளைல்ல? அவளை யாருத்தா நிமித்துனது?"

சிரித்துவிட்டேன். ஆனால், அப்பத்தா சொன்னதும் தப்பில்லை. பெண்டு, பெண்டிர் எல்லாம் பழைய தமிழ். நாம் புலம்புகிற 'பெண்டு' மட்டும் ஆங்கிலத்துக்காரன் தந்தது. வளைவு, வளைப்பது, குனிவது எல்லாவற்றுக்கும் அவனுக்கு இந்த ஒரே சொல்தான்.

இதன் பூர்வீகம் வில். பழைய ஆங்கிலத்தில் 'பெண்டன்' என்றால் வில்லுக்கு நாண் ஏற்றுவது. நாணை இழுத்துக் கட்டினால் வில் வளையும் இல்லையா? போகப் போக, வளைகிற எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நம்ம ஊரில் இந்தச் சொல் போகாத கடையில்லை. சைக்கிள் கடையில் ரிம்முக்குப் 'பெண்டு எடுப்பார்கள்'. பிளம்பரிடம் கேட்டால், பைப் சட்டென்று திரும்ப எல்போ, சாவகாசமாகத் திரும்ப பெண்டு. போடிமெட்டு ஏறினால் 17 ஹேர்பின் பெண்டு, கொல்லிமலையில் 70. 'கொண்டை ஊசி வளைவு' என்று நாம் சொல்வது அதைவிட அழகு!

'பெண்ட்ஸ்' என்று ஒரு நோயும் உண்டு. ஆழத்தில் முக்குளித்தவர் அவசரமாக மேலே வந்தால், உடம்புக்குள் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி மூட்டெல்லாம் வலிக்கும். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பாலம் கட்ட ஆற்றுக்கடியில் வேலை பார்த்த தொழிலாளர்கள், வலி தாங்காமல் குனிந்தபடியே நடந்தார்கள். அதனால் வந்த பெயர்.

இதைச் சொன்னதும் அப்பத்தா, "அப்ப எங்களுக்கும் அந்தச் சீக்குதான்" என்றார்.

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். வைகை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்துவிட்டால் நாற்று நடவு தொடங்கிவிடும். அப்பத்தா முப்பது வருஷம் நடவுக்குப் போனவர். விடிந்ததும் சேற்றில் குனிந்தால், கஞ்சி வருகிறவரை நிமிர முடியாது. ஒருத்தி நிமிர்ந்தால் அவள் வரிசை பின்தங்கிவிடும், ஏச்சு விழும். இன்றைக்கும் அவர் குனிந்துதான் நடக்கிறார்.

"ஏத்தா, பெண்டு நிமிந்தா நல்லதுதானே? அதைப் போயி இப்படிப் பொலம்புற. எங்களுக்கு நிமிரவே இல்லையே" என்றார்.

நான் கழுத்தைப் பிடித்துவிடச் சொல்லலாம் என்றிருந்தேன். பேசாமல் தைல பாட்டிலை எடுத்துவந்து, அப்பத்தாவின் முதுகுப் பக்கம் உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டிலும் குனிந்து நடக்கிற ஓர் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருப்பார். எந்த வேலையில் வளைந்த முதுகு என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் வேறொரு வார்த்தையோடு சந்திப்போம்!