கிணற்றில் விட்டால் மீட்பு ஆகிவிடுமா?

நகரத்தில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நம்மைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத உயிரை எல்லாம் தோட்டக்காரன் ஏற்றுக்கொள்வான். முதலில் வயசான நாய் வந்தது, பிறகு சேவல், இப்போது ஆமை. "உங்க கிணத்துல விட்டுடுங்க, அது பாட்டுக்குக் கிடக்கும்" என்று என்னிடமும் ஒருவர் கேட்டார். நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள். பாவம் பார்ப்பது நம் இயல்புதான். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

முதலில், அது என்ன ஆமை என்று பாருங்கள். ஓட்டில் நட்சத்திரக் கோலம் இருந்தால் அது நம் நாட்டுக் கட்டாமை. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பரிதாபப்பட்டு நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டாலும் குற்றம்தான். கிணற்றில் போட்டால் செத்துவிடும், ஏனென்றால் அது தரையில் வாழ்கிற ஆமை. வனத்துறைக்குத் தகவல் சொல்வதுதான் வழி.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது செங்காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்கா. கடையில் தீப்பெட்டி அளவில் விற்பார்கள். பெட்டை வளர்ந்தால் ஓடு மட்டும் ஒரு அடிக்குப் பக்கம் வரும். 20, 30 வருஷம் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் தொட்டியில், வெயில் இல்லாமல், வெறும் பொட்டலத் தீனியில் கிடந்தால் கண் வீங்கும், ஓடு அமுங்கும். பார்த்தால் மனசு கேட்காதுதான்.

ஆனாலும் கிணறு அதற்கு இடமில்லை. அது தினமும் கரையேறிக் காய வேண்டிய பிராணி. செங்குத்துக் கிணற்றில் கல் ஏது, வெயில் ஏது? பண்ணைக்குட்டையில் விட்டாலோ அது நன்றாகவே இருக்கும், மற்றது எல்லாம் கெடும். தலைப்பிரட்டை, தட்டான் புழு, மீன்குஞ்சு, அசோலா என எதையும் விடாது. நாம் மருந்தடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிற தவளையும் தட்டானும்தானே நமக்குப் பூச்சிக் காவல்? பாலாமை, காராமை போன்ற நாட்டு ஆமைகளுக்கு இரையிலும் வெயில் காயும் இடத்திலும் போட்டி. மழையில் குட்டை வழிந்தால் ஓடை, ஏரி என்று போய்விடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிர்களின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது.

நான் சொன்ன பதில் இதுதான். முதலில் அங்கேயே ஒரு மாசம் ஒழுங்காகப் பாருங்கள். பாதி வெயில், பாதி நிழல் படுகிற இடம், ஏறி உட்கார ஒரு கல், அடிக்கடி மாற்றிய தண்ணீர், கீரை, கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுவது. பல வீடுகளில் இவ்வளவே போதும். முடியவே முடியாது என்றால் நான் தனித் தொட்டி கட்டுகிறேன். ஏறி வெளியேறாதபடி விளிம்பை உள்பக்கம் மடித்து, மேலே வலை போட்டு. இந்த ஆமைகளிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அதனால் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழிவுத் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

இன்னொரு விஷயம். எனக்கு வயசு 64. வங்கியில் கடன்காரரின் வயசைத் தவணைக் காலம் தாண்டினால் ஜாமீன் கேட்போம். அதனால் மகனிடம் கேட்டேன். "நான் பாத்துக்கறேன்ப்பா" என்று அவன் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டேன். அதுவும் ஒரே ஒரு ஆமைக்குத்தான்.

கடையில் வாடிக் கிடக்கிறதே என்று காசு கொடுத்து மட்டும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் அடுத்த பெட்டி வந்து இறங்கும். தொட்டியும் நேரமும் உங்களுக்குப் பின்னால் பார்க்க ஆளும் இருந்தால் தாராளமாக மீட்டு வாருங்கள். இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். அதில் ஈரமில்லாத்தனம் ஒன்றுமில்லை. குட்டையில் இருக்கிற தவளைக்கும் நாம்தானே பொறுப்பு?