அளக்கும் மரக்கால் யார் கையில்?

பூம்புகார்க் கடற்கரையிலும், வானகிரியிலும், திருவெண்காட்டு வயல் வரப்புகளிலும் இன்று ஒரு காட்சி சகஜமாகிவிட்டது. ஒருவர் வலை இழுக்கிறார். அவர் இழுப்பதை இன்னொருவர் கைபேசியில் படம் பிடிக்கிறார். நாற்றுப் பறிக்கும் பெண்களின் பேச்சையும் பாட்டையும் ஒரு பிள்ளை படமாக்கி, பொழுது சாய்வதற்குள் யூடியூபில் ஏற்றிவிடுகிறான். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு தெருவே இறங்கி அறுத்த வயலை யந்திரம் ஒரு பகலில் முடித்துவிட்டுப் போகிறது. கடலிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வேலையில்லாத நாட்களில் கையிலிருக்கும் கைபேசியால் நாலு காசு வருமா என்று பார்க்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “பார்க்க வருகிறவர்கள் அரை நிமிஷத்தில் போய்விடுகிறார்கள். அவர்களைக் கடைசி வரையில் உட்கார வைப்பது எப்படி?”

இது விளையாட்டுப் பிள்ளைகளின் கேள்வி என்று ஒதுக்கிவிடும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. நாம் ஒதுக்கத் தயாராக இல்லை. இது கூலியைப் பற்றிய கேள்வி. உழைப்பு நேரத்தைப் பற்றிய கேள்வி. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்களுக்கு நேரத்தின் விலை தெரியாதா?

முதலில் கம்பெனி என்ன வியாபாரம் செய்கிறது என்று பார்ப்போம். யூடியூப் 2005ல் தொடங்கியது. அடுத்த வருஷமே கூகுள் அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. ஆரம்ப வருஷங்களில் எத்தனை பேர் ஒரு படத்தைத் தொட்டுத் திறந்தார்கள் என்பதே பிரதானக் கணக்கு. விளைவு என்ன? முகப்பில் ஒரு பொய்ப் படம், உள்ளே வெறும் சக்கை. திறந்தவர் ஏமாந்து வெளியேறினாலும் கணக்கில் ஒன்று ஏறிவிடும். 2012ல் கம்பெனி இந்தக் கணக்கை மாற்றியது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதே முக்கியம் என்றது. மாற்றிய உடனே திறப்புகளின் எண்ணிக்கை நூற்றுக்கு இருபது குறைந்தது என்று கம்பெனியின் பொறியாளரே பின்னால் எழுதியிருக்கிறார். ஆயினும் கம்பெனி பின்வாங்கவில்லை. ஏன்? ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் விளம்பரம் காட்டலாம். அந்த நேரம்தான் சரக்கு.

அந்த வருஷமே கம்பெனி ஒரு இலக்கு வைத்தது: உலக ஜனங்கள் ஒரு நாளில் 100 கோடி மணி நேரம் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரில் அதை எட்டியும்விட்டது. மில் தோழர்கள் இதை ஷிப்ட் கணக்கில் போட்டுப் பார்க்கட்டும். 100 கோடியை 8ஆல் வகுத்தால் 12 கோடியே 50 லட்சம் வரும். அதாவது, பன்னிரண்டரைக் கோடி ஆட்கள் முழு ஷிப்ட் உட்கார்ந்த நேரம், ஒவ்வொரு நாளும்! அவர்களில் ஒருவருக்கும் ஹாஜர் அட்டை இல்லை, சம்பளமும் இல்லை. 2024ல் யூடியூப் விளம்பரங்களால் வந்த வருமானம் 3,600 கோடி டாலருக்கு மேல். நம் பணத்தில் சுமார் 3 லட்சம் கோடி ரூபாய்.

இனி, படம் எடுக்கிறவரின் பக்கத்துக்கு வருவோம். சாதாரணப் படங்களுக்கு விளம்பரத்தில் வரும் 100 ரூபாயில் 55 அவருக்கு, 45 கம்பெனிக்கு. சாகுபடிதாரர்களுக்கு இது புதிய ஏற்பாடாகத் தோன்றாது. 1956ம் வருஷத்து நியாய வாரச் சட்டம் நன்செய்யில் நிலச் சொந்தக்காரரின் பங்கை நூற்றுக்கு நாற்பது என்று வரம்பு கட்டிற்று. இந்த மிராசுக்கோ நாற்பத்தைந்து. அதிலும் ஒரு வித்தியாசம்: களத்தில் நெல் கண்ணெதிரே கிடந்தது, இங்கே பொலியைக் கண்டவர் யார்?

அந்த 55க்குக் கை நீட்டுவதற்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது. 2018ல் வைத்த விதிப்படி, சானலுக்கு 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். 12 மாதத்தில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். (குறும்படங்களுக்குத் தனிக் கணக்கு: 90 நாளில் ஒரு கோடிப் பார்வை.) பத்து நிமிஷப் படமானால் 24,000 பேர் முழுதும் பார்க்க வேண்டும். மூன்று நிமிஷத்தில் எழுந்து போனால் 80,000 பேர் வர வேண்டும். பிள்ளைகள் ஏன் ‘உட்கார வைப்பது எப்படி’ என்று தவிக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். அந்தப் படியைத் தாண்டும் வரையில் அவர்கள் எடுத்ததற்கெல்லாம் விளம்பரக் கூலி ஒரு காசும் கிடையாது.

அப்படியானால் உட்கார வைப்பது எப்படி? கையருகே ஓர் உதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் 2018ல் ‘வில்லேஜ் குக்கிங் சானல்’ என்று தொடங்கினார்கள். வருஷத்தில் பாதி மாதங்களுக்கே வயலில் வேலை. மீதி மாதங்களுக்கு ஏதாவது வழி வேண்டும் என்பதே ஆரம்பம். கலியாணங்களுக்குச் சமைத்துப் பழகிய பெரியதம்பி தாத்தா அவர்களுக்குத் தலைமை. 2021ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சானல் அதுதான். அந்த வருஷம் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

அந்தப் படங்களை வேடிக்கையாகப் பார்க்காமல் தொழிலாளியின் கண்ணோடு பாருங்கள். “எல்லாரும் வாங்க” என்று ஓர் அழைப்பு. அடுத்த விநாடி வேலை தொடங்கிவிடுகிறது. ‘எங்கள் சானலுக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தப் பொத்தானை அழுத்துங்கள், இந்த மணியை அடியுங்கள்’ என்று இரண்டு நிமிஷம் கெஞ்சுவதில்லை. பொருள்களைக் காட்டுகிறார்கள், கழுவுகிறார்கள், அம்மியில் மசாலா அரைகிறது, பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறுகிறது. ஒரு வேலை முடியும் இடத்தில் அடுத்த வேலை காத்திருக்கிறது. அடுப்பில் ஏறியது இலையில் விழும் வரையில் பார்க்கிறவன் எழுந்திருக்க மாட்டான். பேச்சு குறைவு, ஆகவே தமிழ் தெரியாதவனும் பார்க்கிறான். கடைசியில் சமைத்ததைப் பலருக்கும் பரிமாறுகிறார்கள், முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் கொடுக்கிறார்கள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, மறைக்காமல் காட்டுகிறார்கள்.

நம் கூத்துக்காரர்களுக்கும் இந்த வித்தை தெரியும். நடுச்சாமத்தில் ஜனங்களின் கண் சொருகும்போது கட்டியங்காரன் உள்ளே வருவான். விடியும் வரை ஆளை உட்கார வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் ஜனங்களைப் பொய் சொல்லி உட்கார வைக்கவில்லை. அர்ஜுனன் தபசு என்றால் அன்றிரவு அர்ஜுனன் மரம் ஏறியே தீருவான்.

ஆகவே, வலை இழுக்கிறவர் வலையைக் காட்டட்டும். முதல் அரை நிமிஷத்திலேயே ‘இன்று இந்த வலையை இந்த ஆழத்தில் போடுகிறோம்’ என்று சொல்லிவிடட்டும். அறுந்த வலையைக் கோக்கும் விதத்தைக் காட்டட்டும். கரையில் ஏலம் போகும் விலையையும் காட்டட்டும். எந்த விநாடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று கம்பெனியே ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. கோடு சரிகிற இடத்தில் நாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று பார்த்தால், பெரும்பாலும் நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருப்போம்! ஒரு படம் முடிந்ததும் அதன் தொடர்ச்சியாக அடுத்த படம் இருக்க வேண்டும். நாற்றங்காலைப் பார்த்தவர் நடவையும் களையையும் பார்க்க விரும்புவார்.

இதற்கு நேர் எதிரான வழியும் ஒன்று உண்டு. அது சுலபமான வழி. வதந்தி, சாதிப் பெருமை, பக்கத்து ஊரை வம்புக்கிழுப்பது, ‘அடுத்து நடந்தது என்ன தெரியுமா’ என்று பத்து நிமிஷம் இழுத்துக் கடைசியில் கையை விரிப்பது. இதுவும் ஆளை உட்கார வைக்கும்; சில சமயம் சமையலைவிட அதிக நேரம் வைக்கும். கணக்குப் பார்க்கும் யந்திரத்துக்கு ரசித்துப் பார்த்த நேரமும் கோபத்தில் பார்த்த நேரமும் ஒன்றுதான். விளிம்பில் நிற்கும் விஷப் படங்களின் பரிந்துரையைக் குறைப்பதாக 2019 ஜனவரியில் கம்பெனியே அறிவிக்க வேண்டி வந்தது என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்! சேரிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதை நம் வட்டாரத்தாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம். அந்தக் காசு நமக்கு வேண்டாம்.

பார்க்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு ஷிப்ட் முடிந்து வந்த தோழர் பத்து நிமிஷம் என்று படுக்கையில் கைபேசியைத் திறக்கிறார். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் சூரியன் உச்சியில்! தூக்கமில்லாத கை மறுநாள் யந்திரத்தில் போகிறது. தானாக ஓடுவதை நிறுத்த அதிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. தேடி நிறுத்துங்கள்.

இப்போது பிரதான விஷயத்துக்கு வருகிறோம். நன்றாகப் படம் எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. பார்க்கப்படும் நேரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தங்கள் யந்திரம் பரிந்துரைத்த படங்களால் வருவது என்று கம்பெனி அதிகாரி 2018ல் சொன்னார். யாருடைய படத்தைத் தள்ளுவது, யாருடையதைப் பின்னால் வைப்பது என்று அந்த யந்திரம் தீர்மானிக்கிறது. அதன் விதி மாறும்போது நம் பிள்ளைகளின் வேலையும் மாற வேண்டியிருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு மேற்பட்ட படத்துக்குத்தான் நடுவில் விளம்பரம் என்றார்கள். நாலு நிமிஷ விஷயத்தைப் பத்து நிமிஷமாக இழுத்தார்கள். 2020 ஜூலையில் எட்டு நிமிஷம் போதும் என்றார்கள். அதற்குச் சற்று முன்பு டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. செப்டம்பரிலேயே யூடியூப் குறும்படங்களை இந்தியாவில் முதலில் இறக்கி, சுருக்கமாக எடுங்கள் என்றது. அதில் எடுத்தவருக்குப் பங்கு 45 மட்டுமே. திடீரென்று ஒரு நாள் படத்தின் மேல் மஞ்சள் அடையாளம் விழும், விளம்பரம் குறையும். எந்த வார்த்தை, எந்தக் காட்சி அதற்குக் காரணம் என்று கேட்டால் பொதுவான விதி ஒன்றைக் காட்டுவதோடு சரி.

தஞ்சை ஜில்லாவின் பழைய உழைப்பாளிகளுக்கு இது தெரிந்த கதை. கூலி நெல்லை அளக்கும் மரக்கால் மிராசுதாரிடம் இருந்தது. வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகள் உண்டு. அதனால்தான் 1940களில் கிசான் இயக்கம் கூலியை உயர்த்து என்று கேட்டதோடு நில்லாமல், முத்திரை மரக்காலில் அள என்றும் கேட்டது. கூலியை உயர்த்திவிட்டு மரக்காலின் வாயைச் சுருக்கினால் உயர்வு எங்கே போகும்?

முத்திரை என்பது பூம்புகாருக்குப் புதிதல்ல. வந்திறங்கும் சரக்குக்கும் ஏறிப் போகும் சரக்குக்கும் சோழனின் புலி முத்திரை குத்தித்தான் இந்தத் துறைமுகத்தில் வெளியே விட்டார்கள் என்று பட்டினப்பாலை கூறுகிறது. அளவுக்கு மேல் வாங்குவதும் அளவு குறைத்துக் கொடுப்பதும் தவறு என்று கருதிய வணிகர்களையும் அது காட்டுகிறது. வரி வாங்கிய ராஜாவை நாம் கொண்டாடவில்லை. ஆனால் அளவு என்பது வாங்குபவன், விற்பவன் இருவருக்கும் தெரிந்த ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் ஈராயிரம் வருஷப் பழசு.

வெளிநாட்டில் இந்தக் கோரிக்கை எழுந்தாயிற்று. ஜெர்மனியில் கவண்களும் உண்டிவில்லும் செய்து காட்டும் யோர்க் ஸ்ப்ராவே என்பவர் 2018ல் யூடியூபர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 2019ல் அந்த நாட்டின் மாபெரும் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால் அதனுடன் கைகோத்தது. அவர்கள் கேட்டது என்ன? படங்களைத் தரம் பிரிக்கும் விதிகளை வெளியிடு. ஒரு படத்தின் விளம்பரத்தைக் குறைத்தால் காரணம் சொல். பேசுவதற்கு யந்திரத்தை அல்ல, மனிதனை நிறுத்து. தகராறைத் தீர்க்கப் பொதுவான ஒரு சபை வை. இவை எல்லாம் நம் முத்திரை மரக்கால்தான். லேத் பட்டறைத் தொழிலாளியின் சங்கம் கைபேசித் தொழிலாளிக்கு ஏன் வர வேண்டும் என்று அங்கே யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. இது சுலபமாக முடியும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் யூடியூப் மியூசிக்குக்காக உழைத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2023 ஏப்ரலில் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். 41 வாக்கும் சங்கத்துக்கே, எதிராக ஒன்றுகூட இல்லை. 2024 பிப்ரவரியில், நகர சபையில் தங்கள் குறையைச் சொல்லிக்கொண்டிருந்த வேளையிலேயே வேலை போன செய்தி அவர்களுக்கு வந்தது.

நம் பக்கத்தில் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. சானல் நடத்தும் பிள்ளைகள் இப்போது தனித்தனியாக இருக்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சானலைப் போட்டியாகப் பார்க்கிறார்கள். ஆயிரம் பார்வைக்குத் தனக்கு என்ன கிடைத்தது என்பதை அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்வதில்லை. பழையாறு முதல் தரங்கம்பாடி வரையில் உள்ளவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூம்புகாரில் ஒன்றாக உட்காரட்டும். ஒவ்வொருவரும் தங்கள் கணக்கைத் திறந்து வைக்கட்டும்: எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது, எவ்வளவு வந்தது, எந்தப் படத்துக்கு மஞ்சள் விழுந்தது, எந்த மாதத்தில் காரணமில்லாமல் வருமானம் பாதியானது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு மாதாமாதம் எழுதி வைக்கட்டும். பள்ளி முடித்த பெண் ஒருத்தியிடம் அந்த நோட்டை ஒப்படைக்கலாம். மீன் விற்கும் தாய்மாரின் சுயஉதவிக் குழுக் கணக்குகளை எழுதிப் பழகியவர்கள் எல்லாக் குப்பத்திலும் இருக்கிறார்கள்.